‘ஓவர்லோடு ஏற்ற மாட்டேன்’ என்றதற்கு வேலை போனால்? லாரி ஓட்டுநர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மரக்காணம் உப்பளங்களில் வெயில் ஏற ஏற உப்பு விளையும். விளைந்த உப்பு மூட்டையாகி லாரி ஏறும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு வழியாகப் புதுச்சேரி பக்கம் போகும் வண்டிகளின் ஓட்டுநர்களுக்கு இந்தப் பேச்செல்லாம் புதிதல்ல: “இன்னும் இருபது மூட்டைதானே, ஏத்திக்கோ.” “பிரேக்கை அப்புறம் பாத்துக்கலாம்.” “விடியறதுக்குள்ள போய்ச் சேரணும்.”

முடியாது என்று சொன்னால்? “நாளையிலேர்ந்து வராதே.” அல்லது பேட்டா பிடித்தம். அல்லது ஒரு வாரத்துக்கு லோடே கிடையாது.

நீங்கள் ஓட்டுநராக இருந்தாலும், உங்கள் வீட்டில் ஓட்டுநர் ஒருவர் இருந்தாலும், இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

சரி என்று ஏற்றினால் என்ன ஆகும்?

இருபது மூட்டை என்பது, மூட்டைக்கு 50 கிலோ என்றால், 1 டன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 194-ன்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000. அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. அதிகப்படி சரக்கை இறக்கும் செலவு தனி. இறக்கும் வரை வண்டி நகர முடியாது.

பணத்தை ஓனர் கட்டிவிடலாம். ஆனால் லைசென்ஸ் உங்களுடையது. கோவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, அதிக பாரம் ஏற்றிச் செல்பவரின் ஓட்டுநர் உரிமத்தை 3 மாதத்துக்குக் குறையாமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்று 2015-ல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அந்த மூன்று மாதமும் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

சட்டம் ஓனரையும் பிடிக்கும்

பிரிவு 194 ஓட்டியவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்தவர், ஓட்ட அனுமதித்தவர் என்று அவர்களையும் சேர்த்தே சொல்கிறது. பழுதான வண்டிக்கான பிரிவு 190-ம் அப்படித்தான்.

வேகம் பற்றிய பிரிவு 183-ல் பலருக்கும் தெரியாத ஒரு வரி இருக்கிறது. வேக வரம்பை மீறாமல் போய்ச் சேரவே முடியாத ஒரு நேரத்தைக் குறித்து, அதற்குள் வரச் சொல்லி ஒருவர் உத்தரவிட்டால், அந்த உத்தரவையே அவர் குற்றம் செய்ததற்கான முதல்நிலைச் சான்றாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். ‘5 மணிக்குள் அங்கே இருக்கணும்’ என்று வந்த வாட்ஸ்அப் செய்தியை இனி அழித்துவிடாதீர்கள்.

வேலை நேரத்துக்கும் அளவு உண்டு. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வரையறுத்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் பணியிடப் பாதுகாப்பு குறித்த புதிய தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. அதிலும் நாளுக்கு 8 மணி நேரம்தான். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், அதை முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கும் உரிமையும் அதில் உண்டு. ஒன்றிரண்டு லாரி மட்டும் வைத்திருக்கும் ஓனரிடம் வேலை பார்ப்பவருக்கு இந்தத் தொகுப்பு பொருந்தாமல் போகலாம். மோட்டார் வாகனச் சட்டம் எல்லோருக்கும் பொருந்தும்.

வெளிநாட்டில் நடந்த ஒரு வழக்கு

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 2009 ஜனவரியில், உறையும் குளிர் இரவில், அல்போன்ஸ் மேடின் என்ற ஓட்டுநரின் டிரெய்லர் பிரேக் உறைந்து நின்றது. வண்டிக்குள் ஹீட்டரும் வேலை செய்யவில்லை. சரக்கை விட்டு நகராதே என்றது நிறுவனம். கைகால் மரத்துப்போன அவர் டிரெய்லரைக் கழற்றிவிட்டு உதவி தேடிப் போனார். வேலை போனது. பாதுகாப்புக்காக மறுக்கும் லாரி ஓட்டுநரைப் பழிவாங்கக் கூடாது என்று அந்நாட்டில் தனிச் சட்டமே இருப்பதால், 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் அவர் பக்கமே தீர்ப்பு வந்தது.

நம் நாட்டில் லாரி ஓட்டுநர்களுக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஆனால் பழிவாங்கும் நோக்கில் ஒரு தொழிலாளியை நீக்குவது ‘நேர்மையற்ற தொழிலாளர் நடைமுறை’ என்று தொழில் தகராறுகள் சட்டம் 1947 சொன்னது; அதற்குப் பதிலாக வந்த தொழில் உறவுகள் தொகுப்பும் சொல்கிறது. பழிவாங்கல் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். அதனால்தான் எப்படி மறுக்கிறீர்கள் என்பது முக்கியம்.

மறுக்கும்போது இதைச் செய்யுங்கள்

1. எம்பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் செயலியில் ஆர்.சி.யைத் திறந்து, அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைப் பாருங்கள்.

2. எடை மேடைச் சீட்டு, தேய்ந்த டயர், கசியும் பிரேக் குழாய் ஆகியவற்றைப் படம் எடுங்கள். உப்பு நீர் இரும்பை அரிக்கும் என்பதால் உப்பு லாரிகளில் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

3. வாய்ப்பேச்சோடு விடாமல் ஓனருக்குச் செய்தி அனுப்புங்கள். உதாரணமாக: “இன்று காலை 6 மணி. எடைச்சீட்டுப்படி 3 டன் அதிகம். அதை இறக்கினால் உடனே கிளம்பத் தயார்.”

4. அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ‘அவரே வேலையை விட்டுப் போய்விட்டார்’ என்று பின்னால் யாரும் சொல்ல முடியாமல் காப்பது அதுதான்.

5. அசல் லைசென்ஸை யாரிடமும் அடகுபோல் கொடுத்து வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: விதிமீறலோ ஆபத்தோ இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. ரூட் பிடிக்கவில்லை என்பதற்காக மறுத்தால் செல்லாது.

வேலை போய்விட்டதா?

• விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளவர்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் மனு கொடுத்து, சமரசப் பேச்சுக்குக் கேளுங்கள். தனி ஆளாகவே கேட்கலாம். சங்கத்தில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கால வரம்பு இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

• ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, நீக்கப்பட்டவருக்கு 2 வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

• ஓவர்லோடு, பழுதான வண்டி பற்றிய புகாரைத் திண்டிவனம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்கலாம்.

• வழக்கறிஞர் வைக்க வசதியில்லையா? 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழையுங்கள்.

• மனு கொடுத்தும் நகரவில்லை என்றால், முதல்வரின் முகவரி உதவி எண் 1100.

லாரி ஓட்டுபவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை இன்றே அவருக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த லோடு ஏற்றும்போது அவர் கையில் இருக்கட்டும்.