வண்டி ஆயில் குடிக்கிறதா? சரியாகப் பார்ப்பது எப்படி

ஸ்பிளெண்டர், பிளாட்டினா போன்ற 100 சிசி வண்டிகளின் இன்ஜினில் ஊற்றும் ஆயில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். சில மாடல்களில் அதற்கும் குறைவு. பிஸ்டன், கிராங்க், கேம் எல்லாம் தேயாமல் ஓடுவது அந்த ஒரு லிட்டரால்தான். கியர்களும் கிளட்ச் பிளேட்டுகளும் நனைந்து கிடப்பது அதே ஆயிலில். காற்றில் ஆறும் இன்ஜின் என்பதால் உள்ளே ஏறும் சூட்டைத் தணிப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. காரில் மூன்று, நான்கு லிட்டர் இருக்கும். கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். அங்கே அரை லிட்டர் குறைந்தால் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். இங்கே அரை லிட்டர் குறைந்தால் பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளில் ஆயிலுக்கென்று எச்சரிக்கை விளக்கே கிடையாது. ஆயில் குறையக் குறைய டேப்பட் சத்தம் கூடும், கியர் முரண்டு பிடிக்கும், மேட்டில் இழுவை குறையும். இதெல்லாம் தெரிய வரும்போது சிலிண்டர் போரில் கோடு விழுந்திருக்கலாம். ஆகவே நாமே அவ்வப்போது பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. பார்க்கிறவர்களிலும் பலர் தப்பான முறையில் பார்த்து, தேவையில்லாமல் ஊற்றி, இல்லாத கோளாறை வரவழைத்துக்கொள்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை

வண்டியை நேராக நிறுத்துங்கள். ஆயில் பார்ப்பதில் நடக்கும் தவறுகளில் முதலிடம் சைடு ஸ்டாண்டுக்குத்தான். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாயும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கும், பல்சர், கிளாசிக் 350 போன்றவற்றில் இருக்கும் ஆயில் கண்ணாடியும் வலப்பக்கம். ஆயில் முழுக்க இடப்பக்கம் ஒதுங்கிவிட, வலப்பக்கம் காலியாகத் தெரியும். உடனே பதறி ஒரு கால் லிட்டர் ஊற்றினால் தீர்ந்தது கதை. சென்டர் ஸ்டாண்டு போட்டுத்தான் பார்க்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டே இல்லாத வண்டி என்றால் ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் பார்க்கட்டும். தரையும் சமமாக இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் தளமும் அடுக்குமாடி வீட்டின் சரிவுப் பாதையும் இதற்கு உதவாது.

இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, அதே அளவு நேரம் காத்திருங்கள். ஓடும்போது மேலே தெறித்த ஆயில் கீழே வடிந்து சேர அவ்வளவு நேரம் பிடிக்கும். அணைத்த கையோடு பார்த்தால் குறைவாகக் காட்டும்.

முதலில் உருவிய டிப்ஸ்டிக்கை நம்பாதீர்கள். துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுங்கள். முதல் முறை வெளியே வரும் குச்சியில் தெறித்த ஆயில் மேலிருந்து கீழ்வரை அப்பியிருக்கும். துடைத்து நுழைத்து எடுத்த பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நுனிக்குச் சற்று மேலே இரண்டு கோடுகள், நடுவில் சொரசொரப்பான கட்டங்கள். ஆயிலின் விளிம்பு அந்தக் கட்டங்களுக்குள் எங்கே நிற்கிறது என்பதுதான் அளவு. புது ஆயில் தேன் நிறத்தில் கண்ணாடி போல இருப்பதால் விளிம்பு சட்டென்று தெரியாது. குச்சியை மெல்லத் திருப்பினால் பளபளப்பு எங்கே முடிகிறது என்று பிடிபடும். குச்சியின் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் காட்டினால் தாழ்ந்ததையே கணக்கில் எடுங்கள்.

துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூல் பிசிறு குச்சியோடு உள்ளே போய் ஸ்ட்ரெய்னரில் சிக்கும். வெளுத்த பருத்தித் துணியோ டிஷ்யூ காகிதமோ போதும்.

திருகிப் பார்ப்பதா, திருகாமல் பார்ப்பதா என்று உங்கள் வண்டியின் கையேட்டில் பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வாயில் உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதைத் திருகினால் குச்சி கூடுதல் ஆழம் இறங்கி, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். திருகிப் பார்க்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு; அவற்றில் திருகாமல் பார்த்தால் குறைவாகத் தெரிந்து அதிகமாக ஊற்றிவிடுவோம். பழைய வார்ப்பிரும்பு புல்லட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பல நாள் நின்ற வண்டியில் ஆயில் டேங்க் பகுதியிலிருந்து ஆயில் மெல்ல இறங்கி கிராங்க் அடியில் தேங்கிவிடும். அப்போது பார்த்தால் குறைந்தது போலத்தான் இருக்கும். ஓட்டிவிட்டு வந்து பார்க்காமல் ஒரு சொட்டு ஊற்றக்கூடாது. அந்த வண்டியின் கியர்பாக்ஸ் ஆயில் தனி என்பதையும் மறக்க வேண்டாம்.

எழுதி வையுங்கள். “என் வண்டி ஆயில் குடிக்குது” என்று சொல்பவரிடம் எவ்வளவு என்று கேட்டால் பதில் இருக்காது. ஒருமுறை பார்த்தால் அன்றைக்கு இருக்கும் அளவுதான் தெரியும். எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்பது கணக்கு வைத்தால்தான் தெரியும். வழி மிக எளிது. ஆயில் மாற்றியதும் சரியாக மேல் கோட்டுக்குக் கொண்டுவந்து, மீட்டரில் ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 24,500-இல் அதே இடத்தில், அதே முறையில் பாருங்கள். 25,000-இல் மீண்டும் பார்த்து, மேல் கோட்டைத் தொடும்வரை அளந்து ஊற்றுங்கள். அளக்க, மில்லி கோடு போட்ட பால்புட்டி ஒன்றைத் தனியாக ஒதுக்கி வைத்தால் போதும். 100 மில்லி பிடித்தது என்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 100 மில்லி. இரண்டு மூன்று தடவை இப்படிக் குறித்தால் வண்டியின் வழக்கம் தெரிந்துவிடும்.

அந்தக் கணக்கை எப்படி எடைபோடுவது? ஒரு லிட்டர் பிடிக்கும் வண்டியில் ஆயிரத்துக்கு 50, 100 மில்லி என்றால், 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே ஓட்டலாம். 300 மில்லி என்றால் கதை வேறு. 3000 கிலோமீட்டரில் அடுத்த சர்வீஸ் வரும்போது 900 மில்லி போயிருக்கும், அதாவது ஏறக்குறைய மொத்தமும். அதைச் சர்வீஸ்வரை தள்ளிப்போட முடியாது. எண் எவ்வளவு என்பதைவிட, மூன்று மாதத்தில் அது கூடுகிறதா என்பதை நான் முக்கியமாகப் பார்ப்பேன். புது வண்டியில் ரிங் படியும்வரை முதல் ஆயிரம் கிலோமீட்டரில் கொஞ்சம் குறைவது இயல்பு. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் உச்ச வேகத்தில் ஓட்டினாலும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் திராட்டிலை மூடி இன்ஜின் பிரேக்கில் இறங்கினாலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செலவாகும். அப்படிப்பட்ட பயணத்துக்கு முன்னும் பின்னும் பாருங்கள்.

குறைந்தால் முதலில் ஒழுகலைத் தேடுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். டிரெயின் போல்ட்டு வாஷர், கிளட்ச் கவர் பேக்கிங், கியர் லிவர் ஷாஃப்ட்டு சீல், முன் ஸ்ப்ராக்கெட் சீல் ஆகியவைதான் வழக்கமாக ஒழுகும் இடங்கள். சர்வீஸ் முடிந்து வந்த ஒரு வாரத்தில் ஒழுகினால் டிரெயின் போல்ட்டை முதலில் பாருங்கள்; பழைய வாஷரையே திரும்பப் போட்டிருப்பார்கள். ஒழுகும் ஆயில் பின்சக்கரத்தில் படிந்தால் வளைவில் வழுக்கிவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஒழுகவில்லை என்றால் புகையைக் கவனியுங்கள். நீலம் கலந்த புகை வந்தால் ஆயில் எரிகிறது. அது எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு வந்து நின்றுவிட்டால், அல்லது இறக்கத்தில் திராட்டிலை மூடியிருந்து மறுபடி திருகும்போது வந்தால், வால்வு சீல் மேல்தான் சந்தேகம். முறுக்க முறுக்க விடாமல் வந்தால் ரிங் அல்லது போர். குளிர்காலக் காலையில் வெள்ளையாக வந்து இன்ஜின் சூடானதும் மறைவது வெறும் நீராவி. அதற்குக் கவலை வேண்டாம். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். ஈரக் கருப்பாகப் பிசுபிசுத்தால் ஆயில். உலர்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் கூடுதலாக எரிகிறது.

செய்யக்கூடாதவை

மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். “கொஞ்சம் கூடவே இருக்கட்டும்” என்ற நினைப்பு இன்ஜினுக்குக் கெடுதல். கூடுதல் ஆயிலைக் கிராங்க் அடித்துக் கலக்கும், நுரை கட்டும், உள் அழுத்தம் ஏறி சீல்களில் கசியும். பிரீத்தர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய் அதை நனைக்கும். பிறகு புகை வரும். ரிங் போய்விட்டது என்று பயந்து வண்டியைப் பிரிக்கவும் சொல்லிவிடுவார்கள். குறைந்த வண்டியில் ஐம்பது ஐம்பது மில்லியாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் பாருங்கள். கூடிவிட்டால் டிரெயின் போல்ட்டைத் தளர்த்தி வடித்துவிடுங்கள்.

ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் தானாகக் கூடாது. வேறு ஏதோ உள்ளே வந்திருக்கிறது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்து, ஆயில் தண்ணீராக ஓடினால், கார்புரேட்டரின் ஃப்ளோட் நீடில் தேய்ந்து பெட்ரோல் வழிந்து இன்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வருவதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகளில் இது நடக்கும். அந்த நிலையில் ஓட்டினால் மசகே இல்லாமல் உலோகம் உலோகத்தோடு உரசும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. நீடிலைச் சரிசெய்து, ஆயிலை முழுக்க மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யலாம். நிறுத்தும்போது பெட்ரோல் நாப்பை மூடும் பழக்கம் இந்தத் தொல்லையை வெகுவாகத் தவிர்க்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உதைத்துப் பார்க்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகளில், மூழ்கியதைவிட அதன்பின் ஸ்டார்ட் செய்ததால் கெட்ட இன்ஜின்கள் உண்டு. ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வடித்து, புது ஆயில் ஊற்றி, சிறிது ஓடவிட்டு, அதையும் வடித்து மாற்ற வேண்டும். வெள்ளமே பார்க்காத, கூலன்ட் உள்ள வண்டியில் இந்த நிறம் தெரிந்தால் வாட்டர் பம்ப் சீலையும் ஹெட் கேஸ்கெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கறுத்துவிட்டது என்பதற்காகப் பதறாதீர்கள். கரியையும் அழுக்கையும் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்வதால்தான் ஆயில் கறுக்கிறது. விரலில் தேய்த்துப் பார்க்கும்போது வெயிலில் உலோகத் துகள் மின்னினால் மட்டும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

காருக்கான ஆயிலைப் பைக்கில் ஊற்றாதீர்கள். பைக்கின் கிளட்ச் ஆயிலில் ஊறுவது. எரிபொருள் மிச்சத்துக்காக வழுக்கல் கூட்டிய கார் ஆயில் அதில் சேர்ந்தால் கிளட்ச் நழுவும். டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும். எம்பி என்று போட்டது ஸ்கூட்டருக்கு.

புகையை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றாதீர்கள். 10டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் சில நாள் புகை குறையும். தேய்மானம் உள்ளே தொடரும். விற்பதற்கு முன் இப்படிச் செய்பவர்கள் உண்டு. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதல் நாள் இரவே சொல்லிவைத்து, காலையில் குளிர்ந்த இன்ஜினைத் தாங்களே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்.

ஊற்றிக்கொண்டே இருப்பதால் மாற்றியதாக ஆகாது. 200 மில்லி புதிது சேர்ந்தாலும் மீதி பழையதுதான். மாற்ற வேண்டிய தூரம் வந்தால் முழுக்க மாற்றுங்கள்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் அதற்கென்று டிரம் இருக்கும்; அங்கே கொடுங்கள்.

கடைசியாக, ஆயிரத்துக்கு இத்தனை மில்லி என்ற கணக்கு ஏறிக்கொண்டே போனால் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் பிடித்தால் வால்வு சீலோ ரிங் செட்டோ மாற்றுவதோடு முடியலாம். போரில் கோடு விழுந்த பிறகு போர் வேலை செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். யமஹா ஆர்15-இன் டயாசில் பிளாக் போன்றவற்றில் வழக்கமான போர் வேலைக்கும் இடமில்லை. பிளாக்கையே மாற்ற வேண்டியதுதான். மெக்கானிக்கிடம் போகும்போது நீங்கள் குறித்து வைத்த கிலோமீட்டர், மில்லி கணக்கையும், புகை எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்விகள் அவைதான்.