தொண்டையில் ஒரு மைக்

விஐபி பாதுகாப்புக்கு நிற்கிறவங்க காதுக்குப் பின்னாடி சுருள் சுருளா ஒரு டிரான்ஸ்பரன்ட் குழாய் இறங்குறதைப் பார்த்திருப்பீங்க. அது வயர் இல்லை, வெறும் காற்றுக் குழாய். குட்டி ஸ்பீக்கர் காலருக்குள்ளே இருக்கும். ஸ்டெதஸ்கோப்ல மாதிரி ஒலி குழாய் வழியா காதுக்கு ஏறும். தலையைத் திருப்பினா இழுபடாம இருக்கத்தான் சுருள். கேட்கிற பக்கம் இவ்வளவுதான். சிக்கல் பேசுற பக்கத்தில்.

சாதாரண மைக் காற்றில் வருகிற எல்லா இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் இரண்டாம் உலகப் போரிலேயே ஜெர்மன் டாங்கி வீரர்கள் கழுத்தில் பட்டை மாதிரி த்ரோட் மைக் கட்டியிருந்தார்கள். அது காற்றைக் கேட்காது. குரல்வளைத் தோலின் அதிர்வை மட்டும் எடுக்கும். எஞ்சின் சத்தம் பெரும்பாலும் உள்ளே வராது.

இப்போ தொண்டையில் விரலை வைத்து 'ஆ' சொல்லுங்க. அதிருதா? அடுத்து 'ஸ்ஸ்...' சொல்லுங்க. ஒண்ணுமே இல்லை! கிசுகிசுத்தாலும் குரல்நாண் அதிராது, சிக்னல் பலவீனமாகிவிடும். ரகசியம் பேச வாங்கின கருவிக்கு ரகசியக் குரல்தான் கஷ்டம். வேடிக்கைதான்.

இதைவிட ஆபத்து ஒண்ணு இருக்கு. தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்வதுபோல, எழுத்துக்கு உரு கொடுப்பது பல், இதழ், நா, அண்ணம் எல்லாம். 'தடு', 'படு' இரண்டுக்கும் தொண்டையில் நடப்பது கிட்டத்தட்ட ஒன்றேதான். நாக்கு பல்லைத் தொட்டதா, உதடு மூடியதா என்பதைச் சொல்லும் உயர் அதிர்வெண்கள் தசையைத் தாண்டி வருவதற்குள் மங்கிவிடும். "அவனைத் தடு" என்ற உத்தரவு "படு" என்று கேட்டால் என்ன ஆகும்னு யோசிங்க. ரேடியோவில் ஆல்ஃபா, பிராவோ என்று நீட்டிச் சொல்வதும், 'நைன்' என்பதை 'நைனர்' ஆக்கியதும் இதே பயத்தால்தான்.

மினி ப்ராஜெக்ட்டா செய்யணுமா? 27 மிமீ பீசோ டிஸ்க் போதும். ஆனா நாங்க பண்ண தப்பைப் பண்ணாதீங்க. அதை நேரா போன் மைக் ஜாக்கில் சொருகினோம். கொசு கத்துற மாதிரி வந்துச்சு. காரணம் எளிது: டிஸ்கின் கெபாசிட்டன்ஸ் சுமார் 20 நானோஃபாரட். உள்ளீட்டு மின்தடை 2.2 கிலோ ஓம் என்றால், 1/(2πRC) கணக்குப்படி சுமார் 3600 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். பேச்சே அங்கேதானே இருக்கு! நடுவில் 1 மெகா ஓம் உள்ளீடு உள்ள ஒரு ஜேஃபெட் பஃபர் போடுங்க, கட்-ஆஃப் 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிடும். அப்புறம் நண்பனை அடுத்த அறையில் உட்கார வைத்து 'தடு', 'படு' மாத்தி மாத்திச் சொல்லி, எத்தனை சரியா எழுதுறான்னு எண்ணுங்க.