கூடப் போகிறவளுக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் சகி மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்த முதல் ஆண்டைப் பற்றி நீ எழுதிய கட்டுரை விறுவிறுப்பாகப் போகிறது. ஆனால் மூன்றாவது பத்தியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. காது கொடுத்துக் கேட்பது எப்படி, தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது எப்படி என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அதனால் நேராகக் கோபத்துக்கே வரலாம்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி உன்னிடம் வந்த பெண்ணின் பெயரை மாற்றியிருப்பதாக அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறாய். மாற்றியது பெயரை மட்டும்தான். அப்பாவின் தொழில், தங்கையின் படிப்பு, அவள் வேலை பார்த்த இடம், வீட்டெதிரே இருக்கும் கோயில், எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவற்றை இங்கே திரும்ப எழுதினால் அதே தவறு இரண்டாம் முறை நடக்கும். வெளியூர்க்காரருக்கு அவை வெறும் வர்ணனை. அந்த ஊர் டீக்கடையில் இதழைப் புரட்டுகிறவருக்கு இரண்டு வரி போதும், எந்த வீடு என்று தெரிந்துவிடும்.

அடையாளத்தை மறைப்பதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு வெறும் நாகரிகமாக விட்டுவைக்கவில்லை. அடையாளத்தை வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை. குழந்தைகளுக்கான போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு இன்னும் விவரமானது. பெயர், முகவரி, புகைப்படம் என்பதோடு நிற்காமல் குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் வரை பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலை எழுதியவர் நம் ஊர்களை நன்றாக அறிந்தவர் என்றே தோன்றும். 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம், சுற்றி வளைத்துக்கூட அடையாளம் தெரியும்படி எழுதக் கூடாது என்றது. மாவட்டத்துக்கு உன்னுடையதைப் போன்ற ஒரு மையமாவது வேண்டும் என்று மாநிலங்களைக் கேட்டுக்கொண்டதும் அதே தீர்ப்புத்தான். நீ உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கும் நீ மீறிய விதிக்கும் அவ்வளவு நெருங்கிய உறவு.

அடையாளம் கசிந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு இரண்டு முறை பார்த்தது. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு 2019-இல் வெளியே வந்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் காவல்துறை அதிகாரியின் வாயாலேயே வெளியானது. வழக்கை சிபிஐக்கு மாற்றும் அரசாணையிலும் இருந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்கொடுமை வழக்கில், பெண்ணின் அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கையே ஊரெல்லாம் சுற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் மறுபடியும் அதே 25 லட்சத்தை இடைக்கால இழப்பீடாக விதித்தது. பணம் வந்தது. பெயர் வெளியே போனது போனதுதான். பொள்ளாச்சியில் அதன் பிறகும் பெண்கள் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னார்கள், யாரும் பிறழவில்லை. 2025 மே 13 அன்று குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை, எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது. அந்தப் பெண்களின் துணிச்சலை நம்பி நாம் அஜாக்கிரதையாக இருக்க முடியாது. ஆசிரியரிடம் பேசி, இணையப் பதிப்பிலிருந்து அந்த மூன்றாவது பத்தியை இன்றைக்கே எடுக்கச் சொல்.

இரண்டாவது எரிச்சல், கட்டுரையிலேயே நீ மிகவும் பெருமைப்படும் இடத்தைப் பற்றியது. முதல் சந்திப்பிலேயே அந்தப் பெண் இரண்டரை மணி நேரம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள், அழுதாள், முகம் தெளிந்தது என்று எழுதியிருக்கிறாய். சினிமாவில் அப்படித்தான் நடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2014-இல் சுகாதாரப் பணியாளர்களுக்காக வெளியிட்ட கையேடு, அவள் சொல்ல விரும்புவதைக் கேள், சொல்ல வற்புறுத்தாதே என்கிறது. சம்பவத்தை உடனே விலாவாரியாகச் சொல்ல வைத்தால் மனம் ஆறிவிடும் என்ற பழைய நம்பிக்கையை இன்றைய வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை.

அவள் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார். பெண் காவல் அதிகாரியிடம் ஒருமுறை. பரிசோதிக்கும் டாக்டரிடம் ஒருமுறை. குற்றவியல் நடுவர் முன் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவு வாக்குமூலம். அரசு வழக்கறிஞரிடம், பிறகு சாட்சிக் கூண்டில், அதன் பிறகு குறுக்கு விசாரணை. இத்தனை பேருக்கு நடுவில், அவளிடம் எதையும் கேட்காமல் பக்கத்தில் உட்காரக்கூடிய ஒரே ஆள் ஆலோசகர்தான். அந்த இடத்தையும் விசாரணை அறையாக்கினால் அவளுக்கு மிஞ்சுவது என்ன?

அதைவிடப் பெரிய விஷயம் கடிகாரம். சம்பவம் முந்தின நாள் மாலை நடந்தது என்று உன் கட்டுரையே சொல்கிறது. எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள் வரை வாய்ப்பு உண்டு என்றாலும் மணிக்கு மணி பலன் குறையும். அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு. மறுத்தால் ஓராண்டு வரை சிறை. போலீஸில் புகார் கொடுக்க மனமில்லை என்றாலும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. இரு விரல் சோதனைக்கு அதிலேயே தடை. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அந்தச் சோதனையைச் செய்கிறவர் தவறான நடத்தைக்குக் குற்றவாளி என்றது. உன் கட்டுரையில் மாத்திரை என்ற பேச்சே இல்லை. கொடுத்திருப்பாய், எழுத மறந்திருப்பாய் என்று நம்பத்தான் ஆசை. ஆனால் அடுத்து உன்னைப் படித்துவிட்டு வேலைக்கு வரும் பெண், அழுகைதான் முக்கியம், மாத்திரை அப்புறம் என்று புரிந்துகொள்வாள்.

இந்த வேலையில் பாதி, கூடப் போவது. இதைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவது கடினம், பொறுத்துக்கொள்.

தொண்ணூறுகளில் ஒரு மாவட்டத் தலைநகரில் மாதர் சங்கத்து அக்கா ஒருத்தி இருந்தாள். சைக்காலஜி படித்ததில்லை, சான்றிதழ் எதுவும் இல்லை. தோளில் ஒரு ரெக்சின் பை. அதில் துண்டு, சீப்பு, பிஸ்கட் பாக்கெட், வெள்ளைத் தாள், பஸ்ஸுக்குச் சில்லறை. வாய்தா நாளில் காலை முதல் பஸ்ஸில் பாதிக்கப்பட்ட பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவாள். கோர்ட் தாழ்வாரத்தில் எதிரியின் சொந்தக்காரர்கள் முறைத்துக்கொண்டு நிற்கும் பக்கமாகத் தான் உட்கார்ந்து, பெண்ணைச் சுவரோரம் உட்கார வைப்பாள். வாய்தா தள்ளிப்போனால் அதே பஸ்ஸில் திரும்பக் கொண்டுபோய் விடுவாள். வழியில் சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். வெங்காய விலை, தம்பியின் படிப்பு, இதுதான் பேச்சு.

ஊரே அப்படி ஒருவருக்கொருவர் கூடப் போனதற்கு வாச்சாத்தி இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில், 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் வழக்கைக் கையிலெடுத்தது. 2011 செப்டம்பரில், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்து லட்சம் ரூபாய் என்றது. 31 ஆண்டுகள். அத்தனை வாய்தாவையும் ஒருத்தி தனியாகத் தாங்கியிருக்க முடியாது. மும்பையில் திலாசா மையத்தைத் தொடங்கியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பெண் முதலில் வந்து சேரும் இடம் ஆஸ்பத்திரி என்பதால் 2000-களின் தொடக்கத்தில் பாந்த்ராவின் பாபா மருத்துவமனைக்குள்ளேயே ஆலோசகர்களை உட்கார வைத்தார்கள்.

இப்போது பாராட்டு. ஆஸ்பத்திரியில் அவள் உடைகளைத் தடயமாகக் காகித உறையில் வாங்கி வைத்துக்கொண்டபோது, மாற்றுடை இல்லாமல் போர்வையோடு நின்றாள் என்றும், நீ விடுதிக்கு ஓடிப்போய் உன் சுடிதாரைக் கொண்டுவந்தாய் என்றும், துப்பட்டாவை நீ மறந்துவிட, நர்ஸ் தன்னுடையதைக் கழற்றித் தந்தாள் என்றும் எட்டு வரி எழுதியிருக்கிறாயே, அந்த எட்டு வரி எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத அளவுக்கு அற்புதம். அந்த நர்ஸைப் பார்த்த கண் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அதைத் தனிக் கட்டுரையாக்கு. மைய நிர்வாகியிடம் சொல்லி மூன்று அளவுகளில் உடையும் உள்ளாடையும் செருப்பும் வாங்கி அலமாரியில் வைக்கச் சொல்.

இன்னும் ஒரு வேலை. குழந்தைகளின் வழக்கில் கூடவே வரும் ஆளுக்குச் சட்டத்திலேயே இடமுண்டு. 2020 போக்சோ விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். விசாரணை முழுக்க அவர் குழந்தையோடு இருப்பார். தகுதியானவர்களின் பெயர்களை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பதிவேட்டில் வைத்திருக்கும். உன் பெயர் அதில் இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் மனு எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொண்டு வா.

அன்புடன்,
அக்கா