சாருமானின் ஐயம்

மந்திரவாதியர் மோதும் கதைகளில் யார் மந்திரம் வலியது என்பதையே நாம் எதிர்பார்த்திருப்போம். ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் டோல்கீன் 1954-55ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்னும் பெரும்புனைவோ, அம்மோதலின் வேரை நெஞ்சின் ஐயத்தில் காட்டுகிறது.

சாவுரான் என்னும் கொடியோனை எதிர்க்கும் மக்களுக்குத் துணைநிற்க மேலைக்கடல் கடந்து அனுப்பப்பெற்ற மந்திரவாதியர் ஐவர். அவருள் தலைவன் சாருமான். ஆயினும் துறைமுகத் தலைவன் கிர்டான், தன்னிடமிருந்த அரிய மோதிரத்தைக் காண்டால்ஃபிடமே மறைவாக ஈந்தான். இதனைச் சாருமான் பின்னர் அறிந்தான். அழுக்காறு அங்கே முளைவிட்டது. அறிஞர் அவைக்குக் காண்டால்ஃபே தலைமையேற்க வேண்டுமெனக் கலாட்ரியல் பெருமாட்டி விரும்பினாள். அவர் மறுத்தமையால் தலைமை சாருமானுக்கு வாய்த்தது. வாய்த்தும் அவன் மனம் ஆறவில்லை.

மூன்றாம் ஊழியின் 2851ஆம் ஆண்டில் கூடிய அவையில், பகைவனின் கோட்டையை உடனே தாக்குமாறு காண்டால்ஃப் வற்புறுத்தினார். சாருமான் தடுத்துவிட்டான். சாவுரான் இழந்த மோதிரத்தைத் தானே அடையும் ஆசை அவனுள் அப்போதே புகுந்திருந்தது.

ஆசிரியர் மறைவுக்குப்பின், 1980இல் வெளிவந்த 'அன்ஃபினிஷ்டு டேல்ஸ்' நூலில் ஒரு சுவையான செய்தி உண்டு. காண்டால்ஃப் சுங்கான் புகைப்பதை அவையில் எள்ளி நகையாடிய சாருமான், தானும் மறைவில் அதனைப் பழகிக்கொண்டானாம்! ஹாபிட் என்னும் எளிய குள்ளர்பால் காண்டால்ஃப் கொண்ட அன்பை அன்பென அவனால் நம்ப இயலவில்லை. உள்நோக்கம் ஒன்று இருந்தே தீரும் எனத் துணிந்து, அவர்கள் வாழும் ஷயர் நாட்டை மாறுவேடத்தில் உளவு பார்த்தான். கதையில் போர்க்களங்கள் பல உள. எனினும் சாருமானை நமக்கு முழுதுணர்த்துவது இச்சிறு செய்தியே என்பது எம் கருத்து.

3018இல் அறிவுரை நாடி வந்த காண்டால்ஃபை அவன் தன் ஆர்த்தங்க் கோபுர உச்சியில் சிறைவைத்தான். பெருங்கழுகு ஒன்றால் அவர் தப்பினார். மறு ஆண்டில் சாருமான் தோற்று அதே கோபுரத்தில் அடைபட்டிருந்தபோது, காண்டால்ஃப் வாயிலில் நின்று, கோலையும் கோபுரத் திறவுகோலையும் ஈடாக ஒப்படைத்தால் விடுதலையாகச் செல்லலாம் என்றார். நன்னடத்தை கண்டு பின்னர் அவற்றைத் திருப்பித் தருவதாகவும் கூறினார். சாருமான் ஒருகணம் தயங்கினான். பின்னர், ஏழு அரசர் முடியையும் ஐவர் கோலையும் கவர்ந்த பின்னரோ தருவாய் என ஏளனம் செய்து உள்ளே திரும்பினான்.