முதலில் நிற்கக் கற்போம்: மோட்டார் சைக்கிள் பழகுவோருக்கு ஒரு பாடம்

பொழுது புலருமுன் பெரட்டுக்குச் செல்லவும், தொலைவிலுள்ள வெட்டுமரங்களை அடையவும், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடவும் நம்மிற் பலருக்கு மோட்டார் சைக்கிளே துணையாக இருக்கிறது. விலை குறைவு, எண்ணெய்ச் செலவும் குறைவு. ஆயினும், நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே என்பதை நாம் மறத்தலாகாது.

தோட்டத்தில் வண்டி பழகும் முறையை நாம் அறிவோம். தம்பி கைப்பிடியைப் பிடிப்பான்; அண்ணன் பின்னால் அமர்ந்து, “கியரைப் போடு, எண்ணெயை முறுக்கு” என்பான். வண்டி ஓடிவிட்டால் பாடம் முடிந்ததாக இருவரும் எண்ணுவர். மறுவாரமே தம்பி செம்மண் சாலையைக் கடந்து தார்ச்சாலைக்குச் சென்றுவிடுவான். வண்டியை ஓடச் செய்ய அரைமணி நேரம் போதும். நினைத்த இடத்தில் அதை நிறுத்தவோ பல நாள் பயிற்சி வேண்டும். ஆகவே, இப்பாடத்தை நிறுத்துவதிலிருந்தே தொடங்குவோம்.

1. வண்டியை அறிதல்

ஆள் நடமாட்டமற்ற சமமான திடலே பழகுவதற்கு ஏற்ற இடம். முதல் நாள் இயந்திரத்தை இயக்க வேண்டா. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து, அதன் எடையை உணர்வோம். வலக்கை நெம்புகோல் முன்சக்கரத்தின் பிரேக். வலக்கால் மிதி பின்சக்கரத்தின் பிரேக். கியர் இடக்காலில் உள்ளது. ‘கப்சாய்’ எனப்படும் சிறிய வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்குக் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, கேட்ட உறுப்பைக் கையும் காலும் தாமே தொடும் வரை பழகுதல் நன்று.

2. நிற்கப் பழகுதல்

முன்பிரேக்கைத் தொட்டால் வண்டி குப்புறக் கவிழும் என்று அஞ்சிப் பலர் பின்பிரேக்கை மட்டுமே மிதிக்கின்றனர். இது பெருந்தவறு. வேகம் குறையும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின் மீது சாய்கிறது. அதனால் தரையை இறுகப் பற்றும் வலிமை முன்சக்கரத்துக்கே மிகுதி. பின்பிரேக்கை மட்டும் நம்புவோர் தம் வண்டியின் நிறுத்தும் ஆற்றலிற் பெரும்பகுதியைப் பயன்படுத்தாது விடுகின்றனர்.

தார்ச்சாலையில் கைப்பிடியை நேராக வைத்து, இரண்டு பிரேக்குகளையும் ஒருங்கே இயக்க வேண்டும். முன்பிரேக்கைச் சட்டெனப் பிடித்திழுக்காமல், சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். செம்மண்ணிலும் சரளைக்கல்லிலும் முன்சக்கரம் எளிதில் வழுக்கும். அங்கே முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, இரண்டையும் மென்மையாக இயக்குக. வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கைத் தேடாமல், நுழையுமுன்னரே வேகத்தைத் தணித்துக்கொள்க. மழை தொடங்கிய முதற் சில நிமிடங்களில் தூசியும் எண்ணெய்க் கசிவும் நீருடன் கலப்பதால் தார்ச்சாலையும் மிக வழுக்கும்.

திடலில் ஒரு கோடு கிழித்து, முன்சக்கரம் அக்கோட்டில் நிற்குமாறு பழகுவோம். முதலில் நடைவேகம், பின்னர் மணிக்கு 20 கிலோமீட்டர், அதன்பின் 30. பத்து முறை முயன்று பத்து முறையும் கோட்டில் நின்றால்தான் அடுத்த பாடத்துக்குச் செல்ல வேண்டும்.

இங்கு ஒரு கணக்கை மனத்திற் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். இடையூற்றைக் கண்டு, கை பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் கடந்திருக்கும். மேலும், வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் 7 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு 60 கிலோமீட்டரில் 28 மீட்டர் வேண்டும்.

3. மெதுவாகச் செல்லுதல்

உரிமத் தேர்வில் ‘தித்தி’ எனப்படும் குறுகிய மேடை மீது கீழே இறங்கிவிடாமல் மெதுவாகச் செல்ல வேண்டும். வேகமாக ஓடும் வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். மெதுவாகச் செல்லும்போதுதான் ஓட்டுநரின் திறமை வெளிப்படும். சக்கரத்தைக் குனிந்து பார்ப்பவர் தடுமாறுவார். மேடையின் கடைசி முனையைப் பார்ப்பவர் நேராகச் செல்வார். கால்வாயின் குறுக்கே கிடக்கும் பலகையில் பால் வாளியுடன் நடந்து பழகிய நமக்கு இவ்வுண்மை புதிதன்று.

4. சந்தியில்

தோட்டச் சாலை பெருஞ்சாலையைச் சேரும் இடமே நமக்கு மிகவும் அபாயமான இடம். அங்கே மெதுவாக உருண்டு செல்லாமல், காலைத் தரையில் ஊன்றி முழுமையாக நிற்க வேண்டும். வலம், இடம், மீண்டும் வலம் எனப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்வதால், முதலில் நம்மை நெருங்குவது வலப்புறமிருந்து வரும் வாகனமே. வலப்புறம் திரும்புமுன் கண்ணாடியை மட்டும் நம்பாது, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொள்க. லோரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியாவிடில், நாமும் அவருக்குத் தெரியமாட்டோம் என்று கொள்க. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் நடைமுறையிலுள்ள விதியாகும்.

5. பாரம் ஏற்றுதல்

புதிதாகப் பழகுபவர் பின்னால் ஆளையோ பாரத்தையோ ஏற்றலாகாது. நன்கு பழகியபின்னும், பால் நிறைந்த தகரங்கள் தனிக் கவனம் கோருவன. திரும்பும்போதும் நிறுத்தும்போதும் உள்ளேயிருக்கும் பால் அலைமோதி வண்டியைத் தள்ளும். இருபுறமும் சம எடை வைத்து, மூடியை இறுக்கி, வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்க. பால்வெட்டும் கத்தியை உறையிட்டு வைக்க வேண்டும். துண்டும் சேலைத் தலைப்பும் சங்கிலியில் சிக்காதவாறு செருகிக்கொள்ளுதல் அவசியம்.

6. தலைக்கவசமும் உரிமமும்

தலைக்கவசம் 1973 முதல் நம் நாட்டில் கட்டாயம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு, தலைக்கவசம் இறப்பு அபாயத்தை ஏறக்குறைய 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது எனக் காட்டியது. வாரைப் பூட்டாத தலைக்கவசமோ நாம் விழுமுன்னே விழுந்துவிடும். பெருஞ்சாலைக்குச் செல்லாவிடினும் அதனை அணிக. தோட்டச் சாலையின் கல்லும் கல்லே.

உரிமம் பெற 16 வயது நிறைந்திருக்க வேண்டும். முதற்படியான எழுத்துத் தேர்வில் 50 வினாக்களுள் குறைந்தது 42க்குச் சரியான விடை தர வேண்டும். பின்னர் ‘எல்’ தகட்டுடன் பயிற்சி. தேர்ச்சிக்குப் பின் 2 ஆண்டுகள் ‘பி’ உரிமம். “தோட்டத்துக்குள்தானே ஓட்டுகிறான்” என்று 13 வயதுப் பிள்ளையின் கையில் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் சிந்திக்க வேண்டும். உரிமமின்றி ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி இழப்பீடு பெறுவதிலும் இடர் உண்டாகும்.

நம்மை நாமே வினவுவோம்

கோட்டில் பத்து முறையும் நிற்க இயலுமா? செம்மண்ணில் பிரேக் பிடிக்கும் முறை வேறென்பதை அறிவோமா? சந்தியில் காலூன்றி நிற்கிறோமா? தலைக்கவசத்தின் வார் பூட்டப்பட்டுள்ளதா? இவற்றுள் ஒன்றுக்கேனும் “இல்லை” என்பது விடையானால், இன்னும் சில நாள் திடலிலேயே பழகுவோம். பெரட்டுக்குப் பத்து நிமிடம் தாமதமானால் தண்டல் கடிந்துகொள்வார்; அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டு வாசலில் நமக்காகக் காத்திருப்போர்க்கு நாம் திரும்பி வருதலே பெரிது.