கசாரா லோக்கலில் கட்டுச்சோறு

கல்யாண் ஜங்ஷனைத் தாண்டினால் தண்டவாளம் இரண்டாகப் பிரியும். ஒன்று கர்ஜத்துக்கு, இன்னொன்று கசாராவுக்கு. பல வருடங்களாகக் கல்யாணில் குடியிருந்தும் இதை எழுதுபவர் அந்த இரண்டையும் அதிகம் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்த்திசையில் மும்பை சி.எஸ்.எம்.டி. போகும் காலை ஃபாஸ்ட் லோக்கல்தான். ஒரு மணி நேரம் நின்றுகொண்டு, ஒன்பது மணி நேரம் உட்கார்ந்துகொண்டு, மறுபடி ஒரு மணி நேரம் நின்றுகொண்டு என்று கழியும் உடம்பை வருடத்தில் இரண்டு நாளாவது மலைக்காற்றில் காயப்போடலாம் என்று நினைத்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள், பிள்ளைகள் ஆச்சி என்று கூப்பிடும் அவருடைய அம்மா ஆகியோருடன் பண்டார்தரா ஏரிக்கரையில் டென்ட் போட்டுத் தங்கினார். திரும்பி வரும்போது அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. சின்னவளுக்கு வயிற்றுப்போக்கு. எல்லோருக்கும் நெஞ்செரிச்சல்.

அடுத்த வருடமும் அதே ஏரிக்கரைக்குத்தான் போனார்கள். இந்தத் தடவை அப்படி எதுவும் ஆகவில்லை. இடையில் என்ன மாறியது என்பதுதான் இங்கே விஷயம்.

முதல் பயணத்தைக் கெடுத்தது கடிகாரம். ஏரிக்கரை டென்ட்காரர்களிடம் ஒரு நபருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் மாலை ஐந்துக்கு டீயும் வெங்காய பஜ்ஜியும், எட்டு மணிக்குக் கரி அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கும் கோழியும், பத்து மணிக்குப் பனீர், சப்பாத்தி, சாதம், குலாப்ஜாமூன் என்று வந்துகொண்டே இருக்கும். காசு கொடுத்தாயிற்றே என்று எதையும் விடுவதில்லை. பத்தரைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டவன் தரையோடு தரையாகப் படுத்தால் அன்று இரவு தூக்கம் எப்படி வரும்? இரண்டாம் தடவை முன்கூட்டியே போன் செய்து, "பஜ்ஜி வேண்டாம், சாப்பாடு ஏழரைக்கு வேண்டும்" என்றார்கள். அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதி. பிறகு, "சரி, அப்படியே செய்துவிடலாம்" என்று பதில் வந்தது. கேட்டால் கிடைக்கிறது, யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

வயிற்றுப்போக்குக்கான பழி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன வெஜ் பிரியாணி மேல் விழுந்தது. கொதிக்கக் கொதிக்க டப்பாவில் அடைத்து, பைக்குள் ஆறு மணி நேரம் வைத்திருந்து சாப்பிட்டார்கள். சாதத்தில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆச்சிக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் திருநெல்வேலியிலிருந்து கரி ரயிலில் பம்பாய்க்கு வந்தவள் அவள். "ஏலே, சூட்டோட மூடுனா சோறு வேர்த்துரும்லா. ஆற வைக்காம எவனாவது கட்டுவானா?" என்று அப்போதே கேட்டாள். யாரும் காதில் வாங்கவில்லை.

இரண்டாம் பயணத்தில் கட்டுச்சோறு ஆச்சியின் பொறுப்பு. சாதத்தை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் ஊற்றி நன்றாக ஆறவிட்டு, புளிக்காய்ச்சலைச் சேர்த்துப் பிசைந்தாள். புளிப்பு ஏற ஏறக் கிருமி பெருகுவது குறையும். புளியோதரை தூரப் பயணத்துக்கு ஆகிவந்ததற்குக் காரணம் ருசி மட்டுமில்லை. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி காலைக்கு, புளியோதரை மதியத்துக்கு என்று கணக்கு. இரவுக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. சிப்ஸ் பாக்கெட்டுகள் போன இடத்தில் இந்தத் தடவை பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, அவல், கருப்பட்டி வந்தன. பெரியவன் முகத்தைச் சுளித்தான். கசாரா லோக்கல் டிட்வாலா தாண்டுவதற்குள் வேர்க்கடலை காலி.

கசாராவோடு லோக்கல் முடிந்துவிடும். அதற்கு மேல் தல் காட் மலைப்பாதை. 37 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம். மேலே போகும் ரயில்களுக்குப் பின்னாலிருந்து தள்ள இங்கே கூடுதல் இன்ஜின் மாட்டுவார்கள். முதல் தடவை பண்டார்தராவுக்குப் பக்கத்துக் கல்சுபாய் சிகரத்தில் பாதி ஏறி மூச்சு வாங்கி நின்றபோது இதை எழுதுபவருக்கு இந்த இன்ஜின்தான் ஞாபகத்துக்கு வந்தது.

கல்சுபாய் 1,646 மீட்டர், மகாராஷ்டிராவிலேயே உயரமானது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனால் அங்கே உச்சிவரை கார் போகும், இங்கே கால்தான் போக வேண்டும். ஏறத் தொடங்கும் ஊரின் பெயர் பாரி. "பறம்புமலைப் பாரியா?" என்றாள் ஆச்சி. செங்குத்தான பாறைகளில் இரும்பு ஏணி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு ஏற மூன்று நான்கு மணி நேரம் ஆகும்.

முழங்காலுக்கு வினை ஏறுவதால் வருவதில்லை, இறங்குவதால் வருகிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசைக்கு இதுதான் பெரிய தண்டனை. அதனால் இரண்டாம் பயணத்துக்கு நான்கு வாரம் முன்பிருந்தே வீட்டில் லிஃப்டுக்கு விடுமுறை. தினமும் இருபது நிமிடம் மாடிப்படி. மெதுவாக, கைப்பிடியைத் தொடாமல் இறங்குவதுதான் பயிற்சி. கல்யாண் ஸ்டேஷன் படிகளும் சேர்ந்துகொண்டன. ஜிம்முக்குக் காசு கட்டிப் போகாமல் இருந்த வருடங்களை நினைத்தால் இது எவ்வளவோ தேவலை.

மலையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பையில் நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. வழியில் ஊர்க்காரர்கள் எலுமிச்சை சர்பத்தும் மோரும் விற்கிறார்கள். மேகியும் விற்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மேகி வாங்கிக் கொடுத்தாயிற்று. இதில் போய்க் கறாராக இருப்பவர்கள் குடும்பத்தோடு பயணம் போகக் கூடாது. ஆச்சி மலை ஏறவில்லை. ஏரிக்கரையில் காலையும் மாலையும் நடந்தாள். ஒவ்வொருவருக்கும் அவரவர் நடை என்று முதல் நாளே பேசி வைத்ததில் இரண்டாம் நாள் சண்டையும் இல்லை.

சாப்பாட்டில் உண்மையான திருப்பம் டென்ட்டுக்குப் பின்னால் இருந்த அடுக்களையில் நடந்தது. சமைக்கிற மாவ்ஷி (மராத்தியில் சித்தி) தனக்காக அடுப்பில் கறுத்த நிறத்தில் ஒரு பாக்ரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கடலைமாவைக் கரைத்துக் கிண்டிய பிட்லா (நம் தஞ்சாவூர்ப் பிட்லைக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்றுபோல), பச்சைமிளகாயும் பூண்டும் இடித்த தேச்சா. அதையே கொடுங்கள் என்று மனைவி கேட்டதும் மாவ்ஷிக்குக் கூச்சம். "அது நாச்னி. எங்களுக்கு. உங்களுக்குப் பனீர் இருக்கு."

நாச்னி என்றால் கேழ்வரகு. கேப்பைக் களியை விருந்தாளி கண்ணில் படாமல் மறைத்த வீடுகள் நம் பக்கமும் உண்டு. ஆச்சிக்கு அந்தக் கூச்சம் உடனே புரிந்தது. பலகையை இழுத்துப்போட்டு அடுப்பருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் சுமார் 350 மில்லிகிராம். அதே அளவு பசும்பாலில் 120 அளவில்தான். நார்ச்சத்தும் அதிகம், மெதுவாகச் செரிக்கும். மலை ஏறுகிற வயிற்றுக்கு மைதாவைவிட எவ்வளவோ மேல்.

பண்டார்தரா இருப்பது அகோலே தாலுகாவில். அதே தாலுகாவின் கோம்பால்ணே கிராமத்துக்காரர்தான் ராஹிபாய் போபேரே. மகாதேவ் கோலி பழங்குடிப் பெண், பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டில் பேரப்பிள்ளை அடிக்கடி நோயில் விழுந்தபோது, சாப்பாட்டில் ஏதோ கெட்டுவிட்டது என்று நாட்டு விதைகளைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினார். அவரை, நெல், கீரை என்று அவர் காப்பாற்றிய வகைகள் விதை வங்கியாக வளர்ந்தன. 'விதைத்தாய்' என்று பெயர் வந்தது. 2020-க்கான பத்மஸ்ரீ விருதும் வந்தது. இப்படிப்பட்ட தாலுகாவின் ஏரிக்கரையில் உட்கார்ந்து நகரத்துக்காரர்கள் பனீர் பட்டர் மசாலா தின்கிறார்கள். விருந்தாளிக்குப் பிடிக்கும் என்று ஊர்க்காரர்கள் நினைக்கிறார்கள், ஊரில் இதுதான் கிடைக்கும் என்று விருந்தாளிகள் நினைக்கிறார்கள்.

மறுநாள் எல்லோருக்கும் நாச்னி பாக்ரி. ஆச்சியே இரண்டு தட்டிப் பார்த்தாள், ஓரம் பிய்ந்தது. மாவ்ஷி சிரித்துக்கொண்டே சுடுதண்ணீரில் மாவு பிசையக் கற்றுக்கொடுத்தாள். இரவில் குளிரில் பல் கிட்டியதும் பெரியவன் கரி அடுப்பை டென்ட்டுக்குள் இழுக்கப் பார்த்தான். அதை மட்டும் அதட்டித் தடுக்க வேண்டியிருந்தது. மூடிய டென்ட்டில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, தூங்குகிறவர்களை அப்படியே கொன்றுவிடும். கூட ஒரு கம்பளி போதும்.

ஞாயிறு இரவு இரண்டு கிலோ நாச்னி மாவோடு கல்யாணில் இறங்கினார்கள். முழங்கால் வீங்கவில்லை. தொடை வலி மட்டும் இருந்தது. அந்த வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். செவ்வாய்க்கிழமை காலை ஃபாஸ்ட் லோக்கலில் பெட்டிக் கம்பியைப் பிடித்து அவர் நெளிவதைப் பார்த்து, தாணே வரும்போது மூன்று பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஒருவர் நகர்ந்து நான்காவது சீட் கொடுத்தார். கால்வாசி இடம்தான். "என்னாச்சு?" என்று கேட்டவரிடம் கல்சுபாய் என்றதும், அந்தப் பெட்டியின் பேச்சு காட்கோபர்வரை அதைப் பற்றித்தான்.