சுவையும் சொல்லும்

உணவைப் பற்றி மக்கள் வழங்கும் சொற்களை இருவகையாகப் பகுக்கலாம். உணவின் தன்மையை உள்ளவாறு கூறுவன ஒருவகை. உணவைப் புகழ்வன மற்றொருவகை. “இப்பிட்டு உதிரியாக உள்ளது” என்பது முன்னையது. “இது தேவாமிர்தம்” என்பது பின்னையது. முன்னையதைக் கேட்டவன் பிட்டைப் பற்றி ஒன்று அறிகின்றான். பின்னையதைக் கேட்டவன் உண்டவனுடைய மகிழ்ச்சியையோ விற்பவனுடைய விருப்பத்தையோ அறிவதன்றி, உணவைப் பற்றி யாதும் அறியான். ஆகவே முன்னையதைப் பண்புச்சொல் என்றும் பின்னையதைப் புகழ்ச்சொல் என்றும் இக்கட்டுரையில் வழங்குவாம்.

புகழ்ச்சொல் வேண்டாவென்பது எம் கருத்தன்று. விருந்துண்டவர் மனங்குளிர்ந்து கூறும் ஒரு சொல், சமைத்தவர்க்கு நற்கூலியாகும். ஆயின் வெள்ளவத்தையிற் காலி வீதி வழியாகவும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதி வழியாகவும் நடந்து, உணவுக்கடைப் பலகைகளையும் பொதிகளின் மேலுறைகளையும் படித்துச் செல்வோர், அறுசுவை, தூய, அசல், பாரம்பரியம், இயற்கை, ஆரோக்கியம் என்னுஞ் சில சொற்களே திரும்பத் திரும்ப வரக் காண்பர். அளவிறந்து வழங்கும் நாணயம் மதிப்பிழத்தல் போல, அளவிறந்து வழங்குஞ் சொல்லும் பொருளிழக்கும். அவற்றுட் சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

அறுசுவை

இச்சொல் எண்ணிக்கை குறித்த கலைச்சொல். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு என்பன அவ்வாறு. சித்த மருத்துவ நூலார் ஒவ்வொரு சுவையும் ஐம்பூதங்களுள் இரண்டன் சேர்க்கை என்பர். மண்ணும் நீரும் சேர்ந்தது இனிப்பு. காற்றும் ஆகாயமும் சேர்ந்தது கைப்பு. மண்ணும் காற்றும் சேர்ந்தது துவர்ப்பு. இவ்வாறு வரையறுக்கப்பட்ட சொல், இன்று ‘நல்ல சாப்பாடு’ என்னும் பொருளளவில் நின்றுவிட்டது. ‘அறுசுவை உணவு’ என்று எழுதப்பட்ட இடத்தில் இலையில் வந்தவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். புளியும் உப்பும் உறைப்பும் தப்பாமல் இருக்கும். பாகற்காயின் கைப்பும் வாழைப்பூவின் துவர்ப்பும் பெரும்பாலும் இரா. கைப்பை எவரும் விரும்பிக் கேளாமையால் அது நீங்கியது. பெயர் மாத்திரம் நீங்காது நின்றது.

சுவைக்குப் பெயரிடுதல் எத்துணை நுட்பமான செயல் என்பதற்கு யப்பானிய அறிஞர் இக்கேடா கிக்குனாயே சான்றாவார். கடற்பாசிச் சாற்றிலுள்ள ஒரு சுவை இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என்னும் நான்கினுள்ளும் அடங்காமை கண்டு, அதன் காரணப்பொருளைப் பிரித்தெடுத்து, 1908 ஆம் ஆண்டில் ‘உமாமி’ என்று அவர் பெயரிட்டார். ஆய்விற் பிறந்த அச்சொல்லும் இக்காலத்து உணவுப்பட்டியல்களில் வெற்றலங்காரமாக வருதலைக் காண்கின்றோம்.

தூய, அசல், புதிய

அடைமொழி பற்றித் தமிழிலக்கணம் கூறும் ஒரு விதி இவ்விடத்து நினைக்கத்தக்கது. செந்தாமரை என்னும்போது ‘செம்மை’ என்னும் அடை, வெண்டாமரையும் உண்டென்பதை உணர்த்துகின்றது. இஃது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்னும்போது கருஞாயிறு ஒன்று இல்லை. இஃது இனமில்லா அடை. இத்தகைய அடை உலக வழக்கிற்கு உரியதன்று, செய்யுளுக்கே உரியது என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்திற் கூறும் முடிபு.

இவ்விதியை ‘தூய சைவ உணவு’ என்னும் தொடர்மேல் வைத்துப் பார்ப்போம். சைவம் என்பது சமயத்தின் பெயர். புலாலுண்ணாமையைச் சைவர் போற்றியமையால் மரக்கறி உணவுக்கும் அது பெயராயிற்று. ஈழத்தில் அதற்கு எதிர்ச்சொல் மச்சம், தமிழகத்தில் அசைவம். சைவம் என்ற அளவிலேயே புலால் நீங்கிவிட்டது. பின்னர்த் ‘தூய’ என்பது எதற்கு? அஃது இனமில்லா அடையாயின் வீண்சொல். இனமுள்ள அடையாயின், தூய்மையில்லாத சைவமும் அயலில் விற்கப்படுகின்றது என்னும் ஐயத்தைத் தானே விளைக்கும். ‘அசல் நெய்’, ‘புதிய மீன்’ என்பனவும் இவ்வாறே. இயல்பாக இருக்கவேண்டியதை எடுத்து வற்புறுத்துமிடத்தில் நம்பிக்கை வளர்வதில்லை, ஐயமே வளர்கின்றது.

நம் இலக்கணத்தாற் பெற்ற இம்முடிபோடு மேனாட்டார் ஆய்வொன்றும் ஒத்துச் செல்கின்றது. அமெரிக்காவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மொழியியற் பேராசிரியர் டான் ஜுராவ்ஸ்கியும் அவர்தங் குழுவினரும் 6,500 உணவுப்பட்டியல்களிலிருந்து 650,000 உணவுகளின் பெயரையும் விலையையும் ஆராய்ந்தனர். ‘சுவையான’, ‘அருமையான’ என்பன போன்ற பொதுப்புகழ்ச் சொற்கள் வந்த இடங்களில் உணவின் விலை சராசரியாக நூற்றுக்கு 9 பங்கு குறைந்திருந்தது. நீண்ட சொற்கள் வந்த இடங்களிலோ, சொல்லின் சராசரி நீளத்தில் ஓர் எழுத்துக் கூடுதற்கு 18 அமெரிக்க சதம் வீதம் விலை ஏறியிருந்தது. 2014 இல் வெளிவந்த நூலில் அவர் இவற்றை விளக்கியுள்ளார். எளிய கடை வெறும் புகழாலும், ஆடம்பரக் கடை நீண்ட சொல்லாலும் தம்மை அலங்கரிக்கின்றன என்பது இதனாற் போதரும்.

பாரம்பரியம், இயற்கை, ஆரோக்கியம்

பாரம்பரியம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் எத்தனை ஆண்டுப் பாரம்பரியம் என்று வினவுதல் தகும். யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ் நம் மண்ணின் உணவு என்பதில் ஐயமில்லை. ஆயின் அதில் இடப்படும் மரவள்ளிக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. போர்த்துக்கேயர் இலங்கையை அடைந்தது 1505 ஆம் ஆண்டில். அதற்கு முன் நம் முன்னோர் உறைப்புக்கு மிளகையே கொண்டனர். அம்மிளகுக்குக் ‘கறி’ என்பது பழம்பெயர். பாண் என்னுஞ் சொல்லும் போர்த்துக்கேயர் தந்ததே. வந்தவற்றை ஏற்றுத் தமதாக்கிக் கொண்டமை நம்மவர்க்கு இழுக்கன்று, பெருமையே. அவ்வரலாற்றை மறைத்து எல்லாவற்றையும் ‘பாரம்பரியம்’ என்னும் ஒரு சொல்லால் மூடுதலே குறை.

இயற்கை என்பதும் நன்மைக்கு மறுபெயரன்று. மரவள்ளிக்கிழங்கிற் சயனைட்டுத் தரும் பொருள் இயற்கையாகவே உண்டு. அதனாலன்றோ அதனை மூடாது அவிக்கவேண்டும் என்று வீட்டில் மூத்தோர் கூறுவர்?

ஆரோக்கியம் என்னுஞ் சொல்லில் ஆரவாரத்தோடு ஆபத்தும் உண்டு. நீரிழிவு நோயாளர் ஒருவர் அச்சொல்லை நம்பி ஒரு பானத்தை வாங்கிப் பருகினால் துன்புறுவார் அவரே. சொல்லை அச்சிட்டவர் அல்லர். இலங்கையின் 1980 ஆம் ஆண்டு 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவின் தன்மை, தரம், சேர்க்கை முதலியன பற்றிப் பொய்யாகவோ மயக்கந்தரும் வகையிலோ விளம்பரஞ் செய்தலைத் தடுக்கின்றது. 2016 முதற் பானங்களுக்கு நிறக்குறி விதிக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி இருப்பின் சிவப்பு, 2 கிராமுக்குக் குறையின் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். ஒரு சிறு வட்டமும் ஓர் எண்ணும் ஒரு வரிப் புகழ்ச்சியைவிட மிகுதியாகக் கூறுதல் காண்க.

நம்மிடம் உள்ள செல்வம்

புகழ்ச்சொற்கள் பெருகுதலினும் பெரிய இழப்பு, அவற்றின் நிழலிற் பண்புச்சொற்கள் மறைதலே. கெட்டுப்போன உணவைக் குறிக்கத் தமிழில் எத்தனை வினைகள்! பால் திரைந்தது, வடை ஊசிற்று, பழம் அழுகிற்று, தேங்காயெண்ணெய் காறிற்று, பாணிற் பூஞ்சணம் பிடித்தது. ஒவ்வொன்றும் கெட்ட வகையையே காட்டுகின்றது. சமைக்கும் வினைகளும் அவ்வாறே: அவித்தல், வதக்கல், வறுத்தல், பொரித்தல், சுடுதல், வாட்டுதல், மசித்தல், கடைதல், தாளித்தல். சீனிப்பாகுக்குக் கம்பிப்பதம், உருட்டுப்பதம் எனப் பதங்கள் உண்டு. உண்ணும் முறையையும் உண்டல், தின்றல், பருகல், நக்கல் என நான்காக வகுத்தனர் முன்னோர்.

கொழும்பில் இச்சொற்களுக்குத் தனித்தேவையும் உண்டு. யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் தமிழகத்திலிருந்து வந்தோரும் ஒரே மேசையில் இருந்து உண்ணும் நகரம் இது. யாழ்ப்பாணத்தவர்க்குப் பொரியல் என்பது எண்ணெயிற் பொரித்தெடுத்தது. தமிழகத்தவர்க்கு அது வதக்கித் தாளித்த காய்கறி. தேங்காய்ப்பூவிட்டு யாழ்ப்பாணத்தார் ஆக்கும் வறைக்கு அஃது ஏறத்தாழ ஒப்பானது. கறி என்றால் யாழ்ப்பாணத்தவர்க்குக் கத்தரிக்காயும் அடங்கும். தமிழகத்திற் பலர்க்கு அஃது இறைச்சியே. மரக்கறி உண்பவர் ஒருவர் இவ்வேறுபாடு அறியாவிடின் நேர்வது யாதென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘அறுசுவை’ என்னும் பலகை அவர்க்கு உதவாது. ‘கத்தரிக்காய்ப் பால்கறி’ என்னும் பலகை உதவும்.

கொழும்பு வீடுகளில் வளரும் பிள்ளைகளுட் பலர் எவ்வுணவையும் ‘சூப்பர்’ என்றோ ‘சரியில்லை’ என்றோ கூறி முடித்துவிடுகின்றனர். அவர்தம் நாவிற்குச் சுவை தெரியும், சொல் தெரியாது. சொல் அறியாதவன் குறையை எடுத்துக்கூறித் திருத்தவும் மாட்டான். சமையலை மற்றொருவர்க்குக் கற்பிக்கவும் மாட்டான். பாட்டியின் கைப்பக்குவம் பாட்டியோடு போவதற்குப் பதஞ்சொல்லும் மொழி வழங்காமையும் ஒரு காரணம்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலர் இன்று குடும்பத் தலைவர், சிலர் வணிகர், சிலர் ஆசிரியர். வணிகர் தம் பலகையில் ஒரு புகழ்ச்சொல்லை நீக்கி, அவ்விடத்தில் உணவின் பெயரையும் அதிற் சேர்ந்த பொருளையும் எழுதலாம். ஆசிரியர் ‘நான் உண்ட உணவு’ என்று கட்டுரை எழுதுவிக்கும்போது, ‘சுவையான’ என்னுஞ் சொல்லை வழங்காது எழுதுமாறு பணிக்கலாம். பெற்றோர் இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளையை நோக்கி, “நன்றாக உள்ளதா?” என்று கேட்பதை விடுத்து, “உப்புப் போதுமா? குழைந்துவிட்டதா? புளி தூக்கலா?” என்று கேட்கலாம். அவ்வினாக்களுக்கு விடை சொல்லப் பழகும் பிள்ளை உண்ணவும் பழகும், தமிழும் பழகும்.